உங்கள் ஊர்த் தொடுவானத்தை எங்கே வெளியிடுவது?

ஸ்டெல்லாரியம் என்னும் மென்பொருளை உங்களில் சிலர் பள்ளிக் கணினியில் பார்த்திருப்பீர்கள். இரவு வானத்தைப் பகலிலும் திரையில் காட்டும் கோளரங்கம் அது. ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு நாட்டவர் 2000ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். இது ஒரு திறந்த மூல மென்பொருள். அதாவது, இதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இத்தகைய மென்பொருள் நம் புறநகருக்கும் புதிதன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005-இல் இதற்கென ஒரு தேசிய வள மையத்தைத் தொடங்கின.

ஸ்டெல்லாரியத்தைத் திறந்தவுடன் வானத்தின் அடியில் ஒரு நிலக்காட்சி தெரியும். அது பிரான்சில் உள்ள கெரேன் என்னும் சிற்றூரின் காட்சி. தாம்பரத்து வானத்துக்குப் பிரெஞ்சு நாட்டுத் தரை எதற்கு? அதை எடுத்துவிட்டு, பள்ளி மொட்டைமாடியிலிருந்து தெரியும் வண்டலூர்க் குன்றையும் பல்லாவரம் குன்றுகளையும் அங்கே வைக்கலாம். நாற்புறமும் படம் பிடித்து ஒன்றாக இணைத்து, வானப்பகுதியை நீக்கிவிட வேண்டும். ஊரின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை ஒரு சிறு எழுத்துக் கோப்பில் குறித்து, இரண்டையும் ஒரே ஜிப் பொதியாகக் கட்டினால் ஒரு துணைநிரல் தயார்.

இது வெறும் அலங்காரம் அன்று. தாம்பரத்தின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. ஆகவே துருவ விண்மீன் வடக்கே 13 பாகை உயரத்திலேயே நிற்கும். உங்கள் கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த கட்டடம் 43 மீட்டர் தொலைவுக்குள் வடக்கே இருந்தால், அது துருவ விண்மீனை மறைத்துவிடும். எந்த மாடியிலிருந்து எது தெரியும் என்பதை உள்ளூர்த் தொடுவானம்தான் சொல்லும்.

சரி, பொதி தயாராயிற்று. திருநெல்வேலியில் ஓர் ஆசிரியரும் யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவியும் இதைப் பெற வேண்டும். எங்கே வெளியிடுவது? இதுவும் ஓர் அறிவியல் கேள்வியே. காரணங்களை எடைபோட்டு விடை காண்போம்.

சொந்தக் கணினி போதுமா?

முதலில் தோன்றும் எண்ணம், பள்ளிக் கணினியையே வழங்கியாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். 2015 டிசம்பர் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தன. ஒரே கணினியில் ஒரே படி என்றால், ஒரு மழைக்காலம் அதை முடித்துவிடக்கூடும்.

வாடகை வீடுகள்

ஆகவே பொதியைப் பெரிய நிறுவனங்களின் தளத்தில் வைப்பது வசதி. இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் அவை வாடகை வீடுகள் போன்றவை. கூகுள் நிறுவனம் 2006-இல் தொடங்கிய கூகுள் கோட் தளத்தில் எத்தனையோ திறந்த மூலத் திட்டங்கள் குடியேறின. 2015-இல் அது மூடல் அறிவிப்பை வெளியிட்டது. 2016 ஜனவரியில் மூடப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2017 நவம்பரில் தன் உள்ளமைப்பை மாற்றியபோது, பழைய முறையில் எழுதிய துணைநிரல்கள் இயங்காமல் போயின. அடுத்த ஆண்டு அவை அதன் தளத்திலிருந்தும் நீக்கப்பட்டன.

ஸ்டெல்லாரியமும் வீடு மாறிய திட்டமே. முதலில் சோர்ஸ்ஃபோர்ஜ், பிறகு லாஞ்ச்பேட், 2017-இல் ஜிட்ஹப் என அதன் நிரல் இடம் பெயர்ந்தது. ஆயினும் அது அழியவில்லை. காரணங்கள் இரண்டு. நிரலின் முழுப் படி ஆர்வலர்கள் பலரின் கணினிகளில் இருந்தது. பயனர் தேடிவரும் வாசலோ, ஸ்டெல்லாரியம்.ஆர்க் என்ற திட்டத்தின் சொந்த முகவரி. உள்ளே வீடு மாறினாலும் வாசல் மாறவில்லை.

எனவே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்குமுன், "இதில் என்னென்ன வசதிகள் உண்டு?" என்று கேட்பதைவிட, "இதைவிட்டு வெளியேற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். ஒரே மாலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறிடம் செல்ல முடியுமானால், அது நல்ல இடம்.

அச்சிட்ட தாளும் சுடச்சுடத் தோசையும்

இணையப் பக்கங்கள் இரு வகை. ஒன்று, அச்சிட்ட துண்டறிக்கை போல முன்கூட்டியே தயாராக இருப்பது. கேட்டவருக்கு அப்படியே எடுத்துத் தரப்படும். மற்றது, உணவகத்துத் தோசை போல, கேட்ட பிறகு ஆக்கித் தரப்படுவது. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் அடிப்படையில் இரண்டாம் வகை. அதற்குத் தரவுத்தளம் வேண்டும்; பாதுகாப்புத் திருத்தங்களை விடாமல் செய்துவர வேண்டும். நாள்தோறும் எழுதுவோருக்கு அது ஏற்றது. பத்துப் பொதிகளும் அவற்றைப் பற்றிய விளக்கமும் மட்டுமே கொண்ட பள்ளிக் குழுவுக்கு முதல் வகையே போதும். அந்தக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு எந்த வழங்கிக்கும் கொண்டு செல்லலாம்.

கணக்குப் போடுவோம். ஜிட்ஹப் தரும் இலவசப் பக்கச் சேவையில் ஒரு தளத்தின் அளவு 1 ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிகாபைட் என்பது வரம்பு. நம் பொதி 20 மெகாபைட் என்றால், மாதம் 5,000 பேர் இறக்கிக்கொள்ளலாம். நமக்கு இது தாராளம். ஐம்பது ஊர்ப் பொதிகள் சேர்ந்தால் தளத்தின் அளவே வரம்பைத் தொட்டுவிடும். அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே எண்ணி வையுங்கள்.

பொதியின் கைரேகை

பல இடங்களில் படிகள் இருந்தால், எது உண்மையானது என்று எப்படி அறிவது? அதற்கும் வழி உண்டு. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்குமுறை எந்தக் கோப்பையும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடாகச் சுருக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும். வரக்கூடிய குறியீடுகளின் எண்ணிக்கை 2-இன் 256ஆம் அடுக்கு. அதாவது, 1-க்குப் பின் 77 சுழியங்கள் இட்டதைவிடப் பெரிய எண். ஆகவே இரு வேறு கோப்புகள் தற்செயலாக ஒரே குறியீட்டைப் பெறும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தக் கைரேகையைப் பொதி இருக்கும் தளத்தில் மட்டுமின்றி வேறோர் இடத்திலும் வெளியிடுங்கள்.

சாவி யாரிடம்?

பெரும்பாலோர் மறக்கும் கேள்வி இது. தளத்தின் கடவுச்சொல்லும் முகவரிப் பதிவும் பிளஸ் டூ மாணவர் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் கல்லூரிக்குப் போனவுடன் பொதிகள் அனாதையாகிவிடும். சொந்த முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். அதை மறந்தால் வேறொருவர் வாங்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே பதிவு பள்ளியின் பெயரில் இருக்கட்டும். பொறுப்பாசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் பொறுப்பேற்கட்டும். எந்த உரிமத்தில் வழங்குகிறீர்கள் என்பதைப் பொதிக்குள்ளேயே எழுதி வையுங்கள். படத்தில் பிறர் முகமோ விமானப்படை நிலையமோ இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரின் அட்சரேகையைக் கண்டறியுங்கள். வடக்கே உள்ள உயர்ந்த கட்டடம் துருவ விண்மீனை மறைக்குமா என்று கணக்கிடுங்கள்.

2. இரு வெளியீட்டுத் தளங்களை எடுத்துக்கொண்டு, அளவு வரம்பு, செலவு, வெளியேறும் வழி, சாவி வைத்திருப்போர் என நான்கு தலைப்புகளில் அட்டவணை தயாரியுங்கள்.

3. ஒரு கோப்பின் கைரேகையைக் குறித்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்து மீண்டும் கணக்கிடுங்கள். எத்தனை எழுத்துகள் மாறின?