தீவைச் சுற்றப் போகும் அம்மிணிக்கு

முதலிபாளையம்,
மார்கழி 12.

அன்புள்ள அம்மிணி,

பொங்கல் லீவில் நீயும் உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுமாக ஏழு பேர் ராமேஸ்வரம் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். வேன்காரர் எழுதிக்கொடுத்த பட்டியலையும் காட்டினாள். ஒரே பகலில் பதினான்கு பாயிண்ட். காலை ஐந்து மணிக்கு அக்னி தீர்த்தத்தில் ஆரம்பித்து இரவு ஏழுக்குப் பாம்பன் பாலத்தில் முடிகிறது. அதைப் படித்ததும் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. கம்பெனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தீவுக்குப் பலமுறை போய்வந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஏழு பேரோடு நிறுத்திக்கொண்டது மிக நல்ல முடிவு. நம் ஊரில் சுற்றுலா என்றாலே ஐம்பது பேர், ஒரு பஸ், இரண்டு சமையல் அண்டா. அப்படிப் போனால் கைடு மைக்கில் பேசுவார். பின்சீட்டில் பாட்டு ஓடும். இறங்கி ஏறவே நேரம் சரியாகிவிடும். ஏழு பேர் என்றால் ஒரு மனிதரைச் சுற்றி நின்று அவர் சொல்வதைக் கேட்கலாம், குறுக்கே கேள்வி போடலாம், மீனவர் வீட்டு வாசலில் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

ஆனால் பதினான்கு பாயிண்ட் வேண்டாம். நம் பனியன் கம்பெனிக்கு வரும் பையர்களை நீ பார்த்திருப்பாய். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அரைமணியில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுக் கார் ஏறுகிறவருக்கு நம் வேலை ஒன்றும் தெரிவதில்லை. செக்கிங் மேசையில் ஒரு மணி நேரம் நின்று நாலு பீஸைப் புரட்டிப் பார்த்து, அங்கே நிற்கும் பெண்ணிடம் பேசுகிறவருக்கு முழுக் கம்பெனியும் புரிந்துவிடுகிறது. தீவுக்கும் இதுதான். ஒரு கதையைப் பிடித்துக்கொள். அந்தக் கதை எங்கெல்லாம் போகிறதோ அங்கே மட்டும் போ. நான் உனக்குச் சொல்லும் கதை ரயில்.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்தியாவில் கடல்மேல் கட்டிய முதல் பாலம் அது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் இரண்டு இரும்புக் கைகள். கப்பல் வரும்போது தொழிலாளர்கள் கையால் நெம்புகோலைச் சுற்றி அவற்றைத் தூக்கினார்கள். அந்தக் காலத்தில் சென்னை எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் இந்தப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை போகும். அங்கே துறையில் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு. இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களுக்குப் பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களும் வியாபாரிகளும் பலர் இந்த வழியில் போனார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போயிற்று. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அவற்றைப் பிடித்து விநியோகிக்க உதவிய பையன்தான் அப்துல் கலாம். அவருடைய முதல் சம்பளம் அது. அவர் 1931-ல் பிறந்தார். அவரது வீடு மசூதித் தெருவில் இருக்கிறது. 2015-ல் அவரை அடக்கம் செய்த பேக்கரும்பில் நினைவிடம் இருக்கிறது. வேன்காரரின் பட்டியலில் இந்த இரண்டும் இரண்டு தனிப் பாயிண்ட். ரயிலின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓடும் வண்டியோடு ஓடுவது உன் கண்ணுக்குத் தெரியும்.

காலையில் முதலில் தனுஷ்கோடிக்குப் போய்விடு. பெரியவர்கள் கூட வந்தால் தீர்த்தமாடிக் கோயிலை முடித்த பிறகே மற்றதெல்லாம், அதுதான் முறை. நீங்கள் எல்லோரும் சிறுவயதுப் பிள்ளைகள், கோயிலுக்கு மாலையில் போகலாம். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் நிழல் கிடையாது, கால் வைக்க முடியாது. தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை 2017-ல் நல்ல ரோடு திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போகவேண்டும். இப்போது கார் சுலபமாகப் போகிறது என்பதால் எல்லோரும் நேராக முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. வழியில், இடிந்து கிடக்கும் பழைய ஊரில் இறங்கு.

அங்கே ரயில் நிலையம் இருந்தது, தபால் நிலையம் இருந்தது, சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கிய நேரம் அது. கடல் எழுந்து வந்து ரயிலை அப்படியே கொண்டுபோயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஊர் மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பார். அதைப் பவளக் கல்லை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கூரை போய்விட்டது, சுவர் அறுபது ஆண்டுகளாக நிற்கிறது. அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்காதே. அது செத்தவர்களின் ஊர், அம்மிணி.

இன்றைக்கும் அங்கே மீனவக் குடும்பங்கள் ஓலைக் கொட்டகை போட்டு வாழ்கிறார்கள். சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, மணலைக் கையால் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் படிந்து நிற்பதால் இப்படி. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். எவ்வளவு தோண்டவேண்டும் என்பது அங்கேயுள்ள பெண்களுக்குத் தெரியும். கைடிடம் சொன்னால் காட்டச் சொல்வார். சாப்பாட்டை அங்கேயே ஒரு குடிசைக் கடையில் வைத்துக்கொள். பொரித்த மீன் சூடாகக் கிடைக்கும். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த மண்ணிலேயே தங்கட்டும்.

முனையில் நின்றால் ஒருபக்கம் கடல் குளம்போல இருக்கும், மறுபக்கம் கொந்தளிக்கும். பெண் கடல், ஆண் கடல் என்று அங்கே சொல்வார்கள். எந்தப் பக்கமும் எப்போதும் அமைதியாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தெற்கே மன்னார் வளைகுடா சீறும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று திரும்பினால் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை ஏறும். மீனவர்கள் வள்ளத்தை அதற்கேற்ப இடம் மாற்றுவார்கள். முனையில் நீரோட்டம் மிக மோசமானது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருத்தியும் உள்ளே இறங்கக்கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தை மாதத்தில் வழியிலுள்ள உப்பங்கழித் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2025-ல் அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. கிட்டப் போய் விரட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வெகுதூரம் பறந்து வந்து இரை தேடும் பறவை அது, தூரத்திலிருந்தே பாருங்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வந்து பேக்கரும்பையும் மசூதித் தெருவையும் பார்த்துவிடலாம். கோயில் நடை பகல் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறப்பார்கள். திறந்தவுடன் உள்ளே போ. 22 தீர்த்தங்களிலும் நீராட நினைத்தால் மாற்றுத் துணி கையில் இருக்கட்டும், சீட்டை கவுண்டரில் வாங்கிக்கொள். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். சேதுபதிகள் கட்டியது. உன் கூட்டத்தில் ஒடிசாப் பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பதாக அம்மா சொன்னாள். அவர்களுக்கு இது சாதாரண ஊர் சுற்றல் ஆகாது. பூரி, துவாரகை, பத்ரிநாத், ராமேஸ்வரம் என்ற நான்கு தலங்களில் பூரி அவர்கள் மண்ணில் இருக்கிறது. இன்னொன்றைப் பார்க்க அவர்கள் வீட்டில் எத்தனை பேர் ஆயுசு முழுக்க ஏங்கியிருப்பார்களோ. அவசரப்படுத்தாமல் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே நேரம் கொடு. வடநாட்டு யாத்திரிகர்கள் நிறைய வருவதால் ராமேஸ்வரத்துக் கைடுகள் பலர் இந்தி பேசுவார்கள். கைடு தமிழில் மட்டும் பேசினால் நீதான் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

கடைசியாகப் பாம்பன். அங்கே சின்னப்பாலம் என்று ஒரு மீனவக் கிராமம். அந்த ஊர்ப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், பாசி மறுபடி வளரட்டும் என்று. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சுற்றுச்சூழலுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. வேலை செய்யும் பெண்களாகிய நீங்கள் அந்தத் தீவில் யாரையாவது சந்தித்துப் பேசவேண்டுமென்றால் அவர்களைத்தான் முதலில் சொல்வேன். குந்துகாலில் விவேகானந்தர் 1897-ல் வந்திறங்கிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நடை பார்த்துக்கொள். குருசடைத் தீவுக்கு வனத்துறையின் அனுமதியோடு படகில் போகவேண்டும். ஒரே நாளில் அது சேராது, விட்டுவிடு.

பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லாதே. கரையிலிருந்து பார்த்தால் பாலங்கள் தெரியும். 1988-ல் திறந்த ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலே ஏறும். பழைய ரயில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பகுதியை 1964 புயல் கடலில் தள்ளிவிட்டது. விழுந்தவற்றைத் தேடி மேலே எடுத்து, 46 நாளில் மறுபடி ரயில் ஓடவைத்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன்; பிற்காலத்தில் கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர். ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை. ராமேஸ்வரமே கடைசி நிலையமாகிவிட்டது.

கைடைப் பற்றி. அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவராகப் பார். போனில் பேசும்போது, உங்கள் வீட்டில் 64 புயலைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். கூலியை முன்கூட்டியே பேசிவிடு; பேசியதற்குக் குறைத்துக் கொடுக்காதே. போகும் வரிசையை அவர் கையில் விடு, காற்றும் கூட்டமும் அவருக்குத்தான் தெரியும். கச்சத்தீவு, இலங்கைக் கடற்படை பற்றியெல்லாம் யாரிடமும் எடுத்த எடுப்பில் கேட்காதே. நீ கேட்கும் வீட்டில் யாராவது அந்த நேரம் இலங்கைச் சிறையில் இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேள்.

நீ குழந்தையாக இருந்தபோது, 2011-ல், சென்னை உயர் நீதிமன்றம் நம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றை நாம் என்ன செய்துவைத்தோம் என்பதற்கு ஊர் முழுக்க விலை கொடுத்தது. அந்த ஊரிலிருந்து போகிறவர்கள் நீங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் அந்த மணலில் கிடக்கக்கூடாது. பவளத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே, பொறுக்காதே. 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு.

தாராபுரம், மதுரை, பரமக்குடி வழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஒரே டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டி, பகலெல்லாம் சுற்றி, மறுபடி ராத்திரி திரும்புவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து தூங்குங்கள், அல்லது இரண்டு டிரைவர் போடுங்கள். தை அமாவாசை என்றைக்கு என்று காலண்டரில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்; அன்று தீவுக்குள் ஊசி குத்த இடமிருக்காது. ரூம் போடுவதற்கு முன்னால் கைடிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
மாமா.