காட்டில் பெய்த மழையோடு கடல் வரைக்கும்

அன்புள்ள உக்கடத்து வாசகருக்கு,

கென்யாவில் நான்கு நாள் சஃபாரி, அடுத்து சான்சிபார் கடற்கரையில் மூன்று நாள் என்று வந்த விளம்பரத்தைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள். காடும் கடலும் சேர்ந்த பயணம் நம் பக்கத்தில் கிடையாதா, அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நீங்கள் தினமும் தாண்டிப்போகும் உக்கடம் பேருந்து நிலையத்திலேயே அந்தப் பயணம் தொடங்குகிறது.

ஆப்பிரிக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கென்யாவின் மசாய் மாராவில் ஜூலை முதல் அக்டோபர் வரை மான்கூட்டங்கள் ஆற்றைக் கடப்பதைப் பார்ப்பது வாழ்நாள் அனுபவம்தான். பணம் இருந்தால் போய்வாருங்கள். ஆனால் சான்சிபார் இருப்பது தான்சானியாவில். அதனால் இரண்டு நாடுகளின் அனுமதி வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். அது கையில் இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி நம் பாதைக்கு வருவோம். ஆனைமலையின் மேற்குச் சரிவிலும் சோலையாற்றுப் பக்கத்திலும் பரம்பிக்குளத்திலும் பெய்யும் மழைதான் சாலக்குடி ஆறு. அதில் ஒரு பங்கை பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குத் தருகிறது. மீதித் தண்ணீர் அதிரப்பள்ளியில் அருவியாக விழுந்து, சாலக்குடியைக் கடந்து, பெரியாற்றோடு கலந்து, முனம்பத்துக்கும் அழிக்கோட்டுக்கும் நடுவே கடலில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் போகும் திசையிலேயே நீங்களும் போகலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. காட்டை ஒரு நாளும் கடலை ஒரு நாளும் தனித்தனியாகப் பார்த்துத் திரும்புவதில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும். காட்டில் பார்த்த ஓடை கடலில் கலப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

முதல் நாள் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் போய், அங்கிருந்து பரம்பிக்குளம் போங்கள். பரம்பிக்குளம் கேரளத்தின் புலிகள் காப்பகம். ஆனால் அதற்குள் போகும் சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான் இருக்கிறது. அங்குள்ள அணைகளைப் பராமரிப்பதும் தமிழ்நாடுதான். சஃபாரி வனத்துறை வண்டியில். கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது. நாலைந்து பேர் கைகோத்தால்தான் அதைச் சுற்ற முடியும். அப்படிப்பட்ட மரம் அங்கே இன்று அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1907 முதல் 1963 வரை பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் டிராம் பாதை ஓடியது. கொச்சி சமஸ்தானம் போட்ட பாதை. பெரிய பெரிய தேக்குகள் அதில் இறங்கி, சாலக்குடியில் ரயிலேறி, கொச்சித் துறைமுகத்துக்குப் போயின. இந்தக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மனிதர்கள் அமைத்த முதல் விரைவுப் பாதை மரம் வெட்டுவதற்காக வந்தது. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அங்கே புலியைப் பார்ப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாராவில் இருப்பது திறந்த புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தெரியும். ஆனைமலையில் பத்தடி தூரத்தில் ஒரு யானை மூங்கில் புதருக்குள் நின்றாலும் தெரியாது. காட்டெருமையும் புள்ளிமானும் அனேகமாகத் தென்படும். மற்றதெல்லாம் காடு கொடுத்தால் உண்டு. சத்தம் போடாமல் இருந்தால் கொடுக்கும்.

பரம்பிக்குளத்திலிருந்து அதிரப்பள்ளிக்கு உங்களை நேராக விடமாட்டார்கள். இரண்டாம் நாள் வந்த வழியே இறங்கி ஆழியாற்றுக்கு வந்து வால்பாறை ஏறவேண்டும். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்; வரையாடுகள் சாலையோரப் பாறையிலேயே நிற்கும். வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வீட்டுக் கூரைமேல் நடந்து போவதையும், சாலைக்கு மேலே அவற்றுக்காகக் கட்டிய பாலங்களையும் காணலாம். தயவுசெய்து ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

வால்பாறையைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. நாம் இரண்டு நாள் பார்த்துவிட்டு வரும் இடத்தில் தேயிலை பறிக்கும் குடும்பங்கள் ஆண்டு முழுதும் சிறுத்தையோடும் யானையோடும் வாழ்கின்றன. தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டு வாசலிலிருந்து சிறுத்தை தூக்கிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பவும், சிவப்பு விளக்கு எரியவைத்து எச்சரிக்கவும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த விளக்கு எரிந்தால் நீங்களும் நில்லுங்கள். 2025 பிப்ரவரியில் ஒரு வெளிநாட்டுப் பயணி, யானைக்காக மற்றவர்கள் வண்டியை நிறுத்தியிருந்தபோதும் மோட்டார் சைக்கிளில் முன்னே போய், யானை தாக்கி இறந்துபோனார்.

மூன்றாம் நாள் காலையிலேயே கிளம்பி மளுக்கப்பாறைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து வாழச்சால் வரை அடர்ந்த காடு; இரண்டு முனையிலும் சோதனைச் சாவடி, மாலைக்குப் பிறகு விடமாட்டார்கள். சொந்த வண்டி இல்லையென்றாலும் கவலை வேண்டாம், மளுக்கப்பாறையிலிருந்து சாலக்குடிக்குக் கேரள அரசுப் பேருந்து இருக்கிறது. என்னைக் கேட்டால் பேருந்துதான் நல்லது. உங்களில் வண்டி ஓட்டுகிறவரும் வெளியே பார்க்கலாம். வாழச்சால் காட்டில் நான்கு வகை இருவாச்சிப் பறவைகள் வாழ்கின்றன. ஒரு காலத்தில் அவற்றின் குஞ்சுகளை எடுத்துவந்த காடர் பழங்குடியினரே இன்று கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். அதிரப்பள்ளி அருவிக்கு மேலே 163 மெகாவாட் மின்திட்டம் ஒன்று வருவதாக இருந்தது. அதை எதிர்த்து முன்னே நின்றவர்களும் இவர்கள்தான். நீங்கள் பார்க்கப்போகும் அருவிக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள்.

அன்று மாலை கொடுங்கல்லூர் தாண்டி அழிக்கோடு முனக்கல் கடற்கரைக்குப் போய்விடலாம். சவுக்குத் தோப்பு, அகன்ற மணல், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். பொறுத்திருந்தால் ஓங்கில்கள் எனும் டால்பின்கள் முதுகைக் காட்டும். பக்கத்திலேயே பழைய துறைமுகமான முசிறி இருந்ததாகக் கருதுகிறார்கள். அதைத் தேடிப் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்திருக்கிறது. நம் கொங்கின் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தக் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் கிடைப்பதற்கும் அந்த வழிதான் காரணம். குளிக்க வேண்டுமானால் எதிர்க்கரையில் செராய் இருக்கிறது. உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். நான்காம் நாளைக் கடலுக்கே கொடுங்கள். திரும்பும்போது திருச்சூர், பாலக்காடு வழியாக வந்தால் பாலக்காட்டுப் பேருந்து உக்கடத்திலேயே இறக்கிவிடும்.

எப்போது போவது என்று கேட்டிருந்தீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவி நிறைந்திருக்கும், ஆனால் கடலில் கால் வைக்க முடியாது. கேரளத்தில் விசைப்படகுகளுக்கே ஜூலை 31 வரை 52 நாள் தடை. பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீ பயத்தில் காட்டை மூடிவிடுவது உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கடல் ஏறிவரும்; கேரள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். கோடை விடுமுறை வேண்டாம். அரையாண்டு விடுமுறைதான் சரியான காலம், காட்டில் பசுமை இருக்கும், கடலும் அடங்கியிருக்கும்.

அந்த நாட்களில் கூட்டம் அதிகம். அதனால் பரம்பிக்குளத்தில் வனத்துறைத் தங்குமிடம் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறது என்று முதலில் பார்த்து, அதை வைத்து மற்றதை அமையுங்கள். வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் வேண்டும், சொந்த வண்டியில் போவதானால் அதையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதுவும் கொண்டுபோகாதீர்கள். போய்வந்து எழுதுங்கள், பிள்ளைகளையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்