நொய்யலின் கண்ணாடிச் செப்பு

காங்கேயத்திற்கு வடக்கே ஓடும் நொய்யல் போன்ற ஆறுகளில், கல்மேல் வழுக்கும் பழுப்புப் படலத்தை நாம் கண்டிருக்கிறோம். நுண்ணோக்கியில் நோக்கின், அதில் டயாட்டம் என்னும் ஓரணு உயிர்கள் தோன்றும். அவற்றின் சிலிக்கா ஓடு, செப்பும் மூடியும்போல் இரு பாதிகளாய்ப் பொருந்தியது. அணு பிரியுங்கால் ஒவ்வொரு சேயும் ஒரு பாதியை மூடியாகக்கொண்டு, அதனுள் சிறியதொன்றைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். ஓட்டின் வடிவும் வரிகளும் இனத்தை அறிவிக்கும். நிட்சியா பேலியா என்னும் இனம் கழிவுநீரிலும் தழைக்கும்; தூய நீரை நாடுவன அங்கே அருகும். ஆதலின் ஓடுகளை இனம்பிரித்து எண்ணினால் நீரின் தன்மை விளங்கும்.

1992-ல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயம் வெளுத்தாலும், சேற்றில் படிந்த ஓடு எளிதில் அழியாது. அச்சான்றினைப் படிக்கக் கற்பது நம் கடனன்றோ?