நீரின் வெம்மையும் மீனின் சினைப்பருவமும்

அமெரிக்க நாட்டு ஏரிகளிற் கிராப்பி என்னும் மீன் ஒன்றுண்டு. குளிர்காலங் கழிந்து நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 முதல் 20 பாகை சென்டிகிரேடு அளவை எட்டுங்கால், அது ஆழத்தை விட்டுக் கரையோரம் வந்து முட்டையிடும். ஆதலின் ஆண்டுள்ள தூண்டிற்காரர் வெப்பமானியை நீரிலிட்டு நாள் குறிப்பர். நம் ஆவுடையார்கோவிற் கண்மாய்களிலோ, மார்கழியிலும் நீர் அத்துணைக் குளிர்தல் அரிது. எனின், நம் மீன்கட்குப் பருவம் அறிவிப்பது யாது?

மழையே என்க. கோடையிற் கண்மாய் வற்றிக் குட்டையாகி, நீர் 30 பாகைக்கு மேற் சுடும். 20 பாகை நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகை நீரோ ஏழரையே கொள்ளும். விடியலிற் கெண்டைகள் மேலெழுந்து வாய் திறப்பது இக்குறைவினாலேயாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பொழிந்ததும் நீர் தணிகிறது. அதிற் கரைந்த உப்புக்களின் செறிவு குறைகிறது. வரத்துக்காலில் ஓட்டம் பிறக்கிறது. இவை கூடியே மீனின் மூளையடிச் சுரப்பியைத் தூண்டுகின்றன. வெப்பம் ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

கட்லாவும் ரோகுவும் தேங்கிய கண்மாய் நீரிற் சினைமுற்றியும் முட்டையிடா. 1957-இல் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் ஒரிசாவில் அச்சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி அத்தடையை வென்றனர்.

நிற்க. மருதப் பாடல்களில் யாம் வராலென்று பயிலும் விராலின் செய்தியே வியப்புடைத்து. அது காற்றையே நேரே உண்ணவல்லது. ஆதலின் வெந்நீருக்கும் சேற்றுக்கும் அஞ்சாது. ஆயினும் அதன் பெருஞ்சினைப்பருவமும் மழைக்காலமே. புல்லடர்ந்த ஆழமற்ற விளிம்பில் எண்ணெய்த்துளி பொதிந்த முட்டைகள் மிதக்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளிற் பொரிந்துவிடும். செம்பொன் நிறக் குஞ்சுகள் திரளாய் நீந்த, தாய்தந்தையர் கீழே காவல் நிற்பர்.

இக்காவலே அவற்றிற்குக் கேடாகின்றது. சிவந்த திரளைக் கண்ட தூண்டிற்காரர் அருகே தவளையைக் கோத்து எறிவர், பசியின்றியும் விரால் சினந்து பாயும், பிடிபடும். காவலிழந்த குஞ்சுகளைப் பிற மீன்களும் நீர்க்கோழிகளும் கொள்ளையிடும்.

கோடையில் வற்றும் கண்மாயில் ஊரார் ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி இறங்குவதை யாம் குறைகூறோம். அம்மீன்கள் எவ்வாற்றானும் சேற்றில் மடிவனவே. ஐப்பசிப் புதுநீரில் எதிரேறிவரும் மீனுக்கு வரத்துக்காலிற் பறி வைப்பதோ வேறு. ஆண்டு அகப்படும் கெண்டையின் வயிற்றை அழுத்தினால் முட்டை வழியும்.