சனூசியை எதிர்த்தால் இனவாதமா? கூலிம் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை, பாடாங் செராயில் வீடு, தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஓய்வு நேரத்தில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து உங்கள் மலாய் நண்பர் கேட்ட கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். "மந்திரி புசார் சனூசியை இந்தியர்கள் எல்லாரும் எதிர்க்கிறீர்கள். அவர் மலாய்க்காரர், பாஸ் கட்சிக்காரர் என்பதால்தானே? அப்படியென்றால் இனவாதி யார்?" என்று அவர் கேட்க, நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டீர்கள்.

அந்த நண்பரை எனக்குப் பிடித்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பேசாமல் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அவருக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்ல வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெடாவில் நம்மவர்களுக்கு சனூசிமேல் உள்ள கோபம் பெரும்பாலும் அவர் செய்ததாலும் சொன்னதாலும் வந்த கோபம். அவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதால் வந்ததில்லை. "பெரும்பாலும்" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் 2008-க்குப் போவோம். அப்போது நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அதற்கு முந்தைய நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராப் பேரணி நடந்தது. கெடாவிலிருந்தும் பஸ் பிடித்துப் போனவர்கள் கண்ணீர்ப்புகையில் கண் எரியத் திரும்பினார்கள். மார்ச் 8 பொதுத்தேர்தல். குவாலா கெட்டில் பக்கம் எனக்கு உறவு உண்டு. அது பாலிங் நாடாளுமன்றத் தொகுதி, அங்கே எதிரணியில் நின்றது இஸ்லாமியக் கட்சியான பாஸ். தேர்தலுக்கு முந்தைய வாரம் சின்னம்மா வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள், எல்லாரும் ஒரு காலத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த சின்னம்மா மாதிரி ஓட்டுச்சீட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "நிலா படம், அதானே? தராசுக்குப் போட்டது போதும்" என்று விரலாலேயே பெருக்கல் குறி போட்டுப் பழகினார். நிலா பாஸின் சின்னம், தராசு ஆளும் தேசிய முன்னணியின் சின்னம். பாஸ் வந்தால் கோயிலை மூடிவிடுவார்கள் என்று பல தேர்தல்களாக அவர்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தையும் தாண்டித்தான் நிலாவுக்குப் போட்டார்கள்.

பாலிங்கில் பாஸ் வென்றது. மாநில ஆட்சியே மாறியது. பாஸ் கட்சியின் அசிசான் அப்துல் ரசாக் மந்திரி புசார் ஆனார். அவர் ஆட்சிக்குழுவில் புக்கிட் செலம்பாவ் சட்டமன்ற உறுப்பினர் வி. ஆறுமுகம் இருந்தார். ஆறுமுகம் பதவி விலகியபின் 2009 ஏப்ரல் 7 அன்று இடைத்தேர்தல் வந்தது. 15 பேர் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் தேசிய முன்னணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் வேட்பாளரைத் தோற்கடித்து, பாஸின் கூட்டணிக் கட்சியான பி.கே.ஆரின் எஸ். மணிகுமார் வந்தார். பாஸ் மந்திரி புசாரின் தலைமையில் இயங்கும் ஒரு மாநில ஆட்சிக்குத் தமிழர்கள் தெரிந்தே போட்ட ஓட்டு அது. பாஸ் என்றாலே நமக்கு ஆகாது என்று உங்கள் நண்பர் நினைத்தால், இந்த இரண்டு தேர்தல்களையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் லுனாஸ். ம.இ.கா.வின் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் 2000 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 29-ஆம் தேதி இடைத்தேர்தல். ம.இ.கா. ஒரு தமிழரை நிறுத்தியது. எதிரே பி.கே.ஆரின் முன்னோடியான கெஅடிலான் கட்சி சைஃபுடின் நசுத்தியோன் என்ற மலாய்க்காரரை நிறுத்தியது. காலம் காலமாக ம.இ.கா. வைத்திருந்த தொகுதி அது. 530 ஓட்டு வித்தியாசத்தில் சைஃபுடின் வென்றார். கெடா சட்டமன்றத்தில் தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை அன்று போனது. இன்று சைஃபுடின் நாட்டின் உள்துறை அமைச்சர்.

நம் சொந்தத் தலைவர்களை நாம் எப்படி எதிர்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1979 முதல் ம.இ.கா. தலைவராக இருந்த சாமிவேலுவை 2008-இல் சுங்கை சிப்புட்டில் தோற்கடித்தவர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார், அவரும் தமிழர். 1982-இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் பங்கு வாங்க நகையை அடகு வைத்த தோட்டக் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வயிற்றெரிச்சலுக்குள் இனம் எங்கே இருந்தது? போட்ட காசு என்னாயிற்று என்ற கேள்விதான் இருந்தது.

இனி சனூசி. 2020 மே 17 அன்று அவர் மந்திரி புசார் ஆனார். அந்த ஆட்சி தேர்தலில் வந்ததில்லை. லுனாஸ், சீடாம் தொகுதிகளின் பி.கே.ஆர். சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரும் கட்சியை விட்டு வெளியேறியது அதற்கு ஒரு காரணம். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். நம்மவர்கள் நிறைய வாழும் தொகுதிகள் அவை. நாம் போட்ட ஓட்டு நம்மைக் கேட்காமல் கைமாறிவிட்டது என்ற கோபம் அந்த இருவர்மேலும் ஒரே அளவில்தான் இருந்தது.

அந்த ஆண்டிலேயே அலோர் ஸ்டார் வட்டாரத்தில் கோயில்கள் இடிக்கப்பட்டன. ரயில் நிலையத்தை ஒட்டிய மதுரைவீரன் கோயில் அதில் ஒன்று. நிலம் யாருடையது, அனுமதி உண்டா என்று நகராட்சிக்கு ஒரு நியாயம் இருக்கலாம். தோட்டத்துக் கோயில்களுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் கோயில்களுக்கும் பட்டா இல்லாமல் போனதன் கதை உங்களுக்கே தெரியும்: நிலம் தோட்ட நிர்வாகத்துடையது, சாமி தொழிலாளியுடையது. நிலம் கைமாறும்போது சாமி அத்துமீறிக் குடியேறியவர் ஆகிவிடுகிறார். இதைப் பேசித் தீர்க்க மாநிலத் தலைவர் முன்வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கேட்டது அவ்வளவுதான்.

அடுத்து தைப்பூசம். கெடாவில் அது பினாங்கு, பேராக் போல நிலையான பொது விடுமுறை அல்ல. மந்திரி புசார் மனம் வைத்துக் கொடுக்கும் சிறப்பு விடுமுறை. 2021 ஜனவரி 28 தைப்பூசத்துக்கு, நடமாட்டக் கட்டுப்பாடு இருப்பதால் விடுமுறை இல்லை என்று சனூசி அறிவித்தார். தேர் ஓடாது, காவடி கிடையாது என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்டதுதான். சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் தேரே புறப்படாத ஆண்டு அது. ஆனால் வீட்டில் இருந்து சாமி கும்பிடவும் ஒரு நாள் வேண்டாமா என்றுதான் கேட்டார்கள். மற்ற மாநிலங்களில் அதே கட்டுப்பாட்டுக்குள் விடுமுறை இருந்தது. 2022-இல் விடுமுறை திரும்ப வந்தபோது நம்மவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பிறப்பின்மேல் வரும் வெறுப்பு விடுமுறை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அப்படியே இருக்கும். இது அப்படி இருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைத்தது ஒரு பேச்சு. 2020 டிசம்பரில், கோயில் இடிப்பைக் கண்டித்த ம.இ.கா. தலைவர்களைக் கள் குடித்த போதையோடு சேர்த்துப் பேசினார் சனூசி. அப்போது ம.இ.கா.வும் பாஸும் மத்திய ஆட்சியில் கூட்டாளிகள்; ம.இ.கா. துணைத் தலைவர் சரவணன் மனிதவள அமைச்சர். கூட்டாளியையே அப்படிப் பேசினார் என்றால் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று மக்கள் கேட்டார்கள். கூட்டாளிகளுக்குள் வந்த இந்தச் சண்டையை மலாய்க்காரர் எதிர்ப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

கள் என்ற அந்தச் சொல்லைக் கெடாவில் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் நண்பருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். தோட்டங்களில் கள்ளுக்கடையைத் திறந்து வைத்தது நிர்வாகம், உரிமம் கொடுத்தது வெள்ளைக்கார அரசு. பகலெல்லாம் சீவிய உழைப்பின் கூலி சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படை எழுந்தது. ஏ. எம். சாமி அதற்குத் தலைவர். நேதாஜியின் படையைப் பார்த்த இளைஞர்கள் தோட்டத்துத் திடலில் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பெண்களும் வந்து நின்றார்கள். குடித்துவிட்டு வந்தவரைத் தட்டிக் கேட்டார்கள். சில இடங்களில் தண்டனையும் கொடுத்தார்கள். 1947-இல் பீடோங்கில் மறியல் செய்தவர்கள்மேல் போலீஸ் பாய்ந்தது. தொடர்ந்த மோதல்களில் தொழிலாளர் உயிரும் போனது. சாமி கைதானார், படையை அடக்கினார்கள்.

கள்ளை எங்கள் லயத்துக்குள் விடாதே என்று சொன்னதற்காகக் கெடா மண்ணில் தமிழ்த் தொழிலாளி செத்திருக்கிறான். அந்த மாநிலத்தின் மந்திரி புசார் அதே கள்ளை எடுத்து நம் முகத்தில் வீசினால் கோபம் வராதா? வர வேண்டும். வராவிட்டால்தான் நான் வருத்தப்படுவேன். அந்தக் கோபத்துக்கு இனவாதம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பேச்சில்தான் இனத்தைக் குத்தும் முள் இருந்தது.

இப்போது "பெரும்பாலும்" என்பதற்கு வருகிறேன். நம் வாட்ஸ்அப் குழுக்களில் சனூசியைப் பற்றி வருவதையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் வடக்கு வட்டார மலாயில் பேசுவதைக் கிண்டல் செய்கிறார்கள். ஜெனெரியிலிருந்து வந்த கம்போங்காரனுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். அவர் மதத்தை இழுத்துப் படம் போட்டுச் சிரிக்கிறார்கள். மலாய்க்காரர் என்றாலே சோம்பேறி என்று எழுதி அதற்குப் பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். தம்பி, இது இனவெறிதான். இதற்கு வேறு பெயர் இல்லை. தோட்டத்துப் பேச்சு என்று நம் தமிழைக் கேலி செய்த பட்டணத்து ஆட்களால் மனம் புண்பட்டவர்கள் நாம். அடுத்தவர் கிராமத்துப் பேச்சை நாமே கேலி செய்யலாமா? உங்கள் நண்பர் இப்படி ஒரு பதிவைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால், அந்த அளவுக்கு அவர் கேட்டது சரி. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். மழுப்ப வேண்டாம்.

எது இனவெறி, எது அரசியல் என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். டாமி தாமசின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூனில் அவரைச் சட்டத்துறைத் தலைவராக நியமிக்க முடிவானபோது, நாற்காலியில் உட்காரும் முன்பே எதிர்ப்பு வந்தது. அவர் மலாய்க்காரர் இல்லை, முஸ்லிம் இல்லை என்பதே வாதம். ஒரு கோப்பில்கூட அவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. எதிர்க்க அவர் பிறப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத நேரத்தில் வந்த எதிர்ப்பு அது. அதே ஆண்டு செப்டம்பரில் நிதியமைச்சர் லிம் குவான் எங் மீதான ஊழல் வழக்கு கைவிடப்பட்டபோது பலர் கேள்வி கேட்டார்கள். அது அவர் துறை செய்த வேலையைப் பற்றியது. கேட்டவர் மலாய்க்காரராக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை துறைக்கு இருந்தது. ஒரே மனிதர், ஒரே பதவி, சில மாத இடைவெளியில் இரண்டு வகை எதிர்ப்பு.

இண்ட்ராப் தலைவர் வேதமூர்த்தியின் கதையும் அப்படித்தான். அவர் ஒற்றுமைத் துறை அமைச்சராக இருந்தபோது, எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கக்கூடாது என்று 2018 டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பெருங்கூட்டம் கூடியது. அதை ஏற்கப்போவதில்லை என்று அரசாங்கம் அதற்கு முன்பே அறிவித்துவிட்டது. அப்போது அவர்மேல் விழுந்த வசைகளில் பல அவர் இனத்தின்மேல் விழுந்தவை. ஆனால் 2013-இல் அவர் நஜிப் அரசில் துணையமைச்சர் ஆனபோது கோபப்பட்டவர்களில் அவரோடு வீதியில் நின்ற இண்ட்ராப்காரர்களும் உண்டு. அந்தக் கோபம் அரசியல். நம் தலைவரை யாராவது கேள்வி கேட்டால் உடனே "இனவெறி" என்று கூவும் பழக்கம் நம் கட்சிக்காரர்களுக்கு உண்டு. அதற்கு நீங்கள் துணை போகாதீர்கள். அந்தக் கூச்சலுக்குள் ஒளிந்துகொள்ளும் தலைவருக்குக் கணக்குக் காட்டும் வேலை மிச்சமாகிறது, நமக்கு ஒரு லாபமும் இல்லை.

உங்கள் பாடாங் செராயையே பாருங்கள். மலாய் வாக்காளர் அதிகமுள்ள அந்தத் தொகுதி 2008-இல் கோபாலகிருஷ்ணனையும் 2013-இல் சுரேந்திரனையும் 2018-இல் கருப்பையாவையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மலாய்க்காரர்கள் ஓட்டுப் போடாமல் இவர்கள் வென்றிருக்க முடியாது. 2022 தேர்தலுக்குச் சில நாள் முன்பு கருப்பையா இறந்துபோக, டிசம்பர் 7-க்கு வாக்களிப்பு தள்ளிப்போனது. பி.கே.ஆர். இருக்கும் பக்காத்தான் கூட்டணி ஒரு மலாய் வேட்பாளரை நிறுத்தியது. தேசிய முன்னணி தன் ம.இ.கா. வேட்பாளர் சிவராஜை ஒதுங்கச் சொன்னது. வென்றவர் பாஸ் இருக்கும் பெரிக்காத்தான் கூட்டணியின் அஸ்மான் நஸ்ருடின், 2020-இல் லுனாசிலிருந்து கட்சி மாறிய அதே மனிதர். 2023 ஆகஸ்டு மாநிலத் தேர்தலில் பெரிக்காத்தான் 36-இல் 33 இடங்களைப் பிடித்தது. இன்று கெடா சட்டமன்றத்தில் ஒரு தமிழர்கூட இல்லை.

இதற்கு சனூசி மட்டும் காரணமில்லை. தமிழர் நின்றால் வெல்லமாட்டார் என்று எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் போடப்படும் கணக்கும் காரணம். மூன்று முறை வென்ற தொகுதியில் அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று நம்மில் யாரும் உரக்கக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை பி.கே.ஆரிடமும் ம.இ.கா.விடமும் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான், தம்பி. ஓட்டு உங்களுடையது, தொகுதி உங்களுடையது.

நாளை வேலைக்குப் போனதும் நண்பரைத் தேடிப் போய் உட்காருங்கள். 2008-இலிருந்து தொடங்குங்கள், தொண்டர் படையைச் சொல்லுங்கள், நம் வாட்ஸ்அப் அசிங்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் அவர் வீட்டில் யாரைத் திட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். இவ்வளவையும் கேட்ட பிறகு அவர் என்ன சொன்னார் என்பதை எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பீடோங்