காரணிப்படுத்துதல்: நான்கு நம்பிக்கைகள், நான்கு உண்மைகள்

இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் பல மாணவர்கள் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சிக்கினால் மகிழ்ச்சி, சிக்காவிட்டால் "எனக்குக் கணக்கு வராது" என்று மூடிவைத்துவிடுவார்கள். இந்தப் பயத்தை வளர்க்கும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம். பாடநூலில் எக்ஸ் என வரும் மாறியை இங்கே 'ய' என்று எழுதியிருக்கிறேன்.

நம்பிக்கை 1: முயன்றால் எந்தக் கோவையையும் பிரித்துவிடலாம்.

உண்மை: ய² + 5ய + 6 என்பது (ய + 2)(ய + 3) என்று பிரியும். கடைசி எண் 7 ஆனால், நாள் முழுக்கத் தேடினாலும் பிரியாது. இதைத் தேடும் முன்பே அறியலாம். முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கி, அதை நான்கு மடங்காக்கி, நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து கழியுங்கள். கிடைப்பது தன்மைகாட்டி. கெழுக்கள் முழு எண்களாக இருக்கையில், தன்மைகாட்டி 0, 1, 4, 9 போன்ற முழு வர்க்கமானால்தான் முழு எண்களில் பிரியும். மாறிலி 6 என்றால் 25 − 24 = 1; பிரியும். 7 என்றால் 25 − 28 = −3; மெய்யெண்களில் காரணியே கிடையாது. 5 என்றால் 25 − 20 = 5; காரணிகள் உண்டு, ஆனால் அவற்றில் √5 வரும்.

நம்பிக்கை 2: முதல் கெழு 1 இல்லையென்றால் ஊகம்தான் வழி.

உண்மை: 6ய² + ய − 12 ஐ எடுத்துக்கொள்வோம். முதலையும் கடைசியையும் பெருக்கினால் −72. பெருக்கினால் −72, கூட்டினால் 1 தரும் எண்கள் 9, −8. நடு உறுப்பைப் பிரித்தால்:

6ய² + 9ய − 8ய − 12
= 3ய(2ய + 3) − 4(2ய + 3)
= (2ய + 3)(3ய − 4)

−8ய ஐ முதலில் எழுதினாலும் இதே விடைதான்.

நம்பிக்கை 3: (ய − 2)(ய − 3) = 2 என்றால், ஒவ்வொரு காரணியையும் 2-க்குச் சமன்படுத்தலாம்.

உண்மை: அப்படிச் செய்தால் 4, 5 என்று வரும். 4 தற்செயலாகப் பொருந்துகிறது; 5-ஐப் போட்டால் 3 × 2 = 6. பெருக்கற்பலன் பூஜ்ஜியமானால் மட்டுமே காரணிகளுள் ஒன்றாவது பூஜ்ஜியம் என்று சொல்ல முடியும். வேறு எந்த எண்ணுக்கும் இந்தச் சலுகை இல்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் ய² − 5ய + 4 = 0. விடை 1, 4.

நம்பிக்கை 4: சூத்திரம் இருக்கும்போது காரணி எதற்கு?

உண்மை: சூத்திரம் பழையது, பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதி இருக்கிறது. அது மூலங்களைத் தரும். காரணி வடிவமோ கோவையின் போக்கையும் காட்டும்: (ய − 2)(ய − 3) என்பது 2-க்கும் 3-க்கும் இடையில் மட்டுமே குறை எண் என்பது பார்த்தவுடன் தெரியும். பின்னக் கோவைகளைச் சுருக்கவும் காரணிகள்தான் வேண்டும்.

ஆகவே மாணவர்களே, முதலில் தன்மைகாட்டியைப் பாருங்கள், பிறகு பிரியுங்கள், கடைசியில் பெருக்கிச் சரிபாருங்கள். இந்த மூன்றும் பழகிவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை.