கப்பல் பயணிகளுக்கு எபேசு: ஒரே பகலில் காணும் முறை

துருக்கியின் மேற்குக் கரையில், செல்சுக் என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ள எபேசு, ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்துக்குத் தலைநகராக விளங்கிய துறைமுகப் பட்டணம் ஆகும். மெய்யியலாளர் ஹெராக்ளிட்டஸ் பிறந்த ஊராகவும், கிறித்தவத் திருத்தூதர் பவுல் தங்கிப் போதித்து, பின்னர் நிருபம் எழுதிய சபையின் ஊராகவும் அறியப்படும் இந்நகரின் இடிபாடுகள், 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஏஜியன் கடலில் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் இங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள குஷாதசி துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நிற்கின்றன. அந்த ஒரு பகலில் தனி வாகனமும் தனி வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு நகரைப் பார்க்க எண்ணுவோர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவற்றையும், நகருக்குள் பார்க்க வேண்டிய வரிசையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கடல் விலகிய துறைமுகம்

எபேசுக்குச் செல்ல வேறோர் ஊரில் இறங்க வேண்டியிருப்பதற்கான காரணமே அந்நகரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடும். கிரேக்கக் குடியேறிகளால் நிறுவப்பட்ட பழைய ஊரை, அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரும் பின்னர் அரசருமான லிசிமாக்கஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புல்புல் மலைக்கும் பனாயிர் மலைக்கும் இடைப்பட்ட இன்றைய இடத்துக்கு மாற்றினார். பெர்கமோன் அரசின் வசமிருந்த இந்நகர், அதன் கடைசி அரசரான மூன்றாம் அட்டாலஸ் தம் நாட்டை உயில் எழுதி ரோமுக்கு விட்டுச் சென்ற கி.மு. 133ஐ அடுத்து ரோமர் கைக்கு வந்து, அகஸ்டஸ் காலத்தில் மாகாணத் தலைநகராக உயர்ந்தது. கீழை நாடுகளின் சரக்கும் மேலை நாடுகளின் சரக்கும் கைமாறும் இடமாக இதை ஆக்கிய துறைமுகத்தை, கெய்ஸ்டர் ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மெல்ல மெல்லத் தூர்த்தது. பலமுறை தூர்வாரியும் பயனில்லாமல் போகவே, மக்கள் படிப்படியாக அயாசுலுக் குன்றுக்கு, அதாவது இன்றைய செல்சுக்குக் குடிபெயர்ந்தனர். இப்போது கடற்கரை இடிபாடுகளிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மேலே வேறொரு பெருநகர் எழாததால்தான் தெருக்களும் தரையும் ஓரளவு அப்படியே மீட்கக் கிடைத்தன.

அமர்த்தும் முன் உறுதி செய்ய வேண்டியவை

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவுக்கும் பயணி தாமாக ஏற்பாடு செய்துகொள்ளும் தனிச் சுற்றுலாவுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு கட்டணத்தைவிடப் பொறுப்பைச் சார்ந்தது. நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்; தனியாகச் சென்றவருக்காகக் காத்திருக்காது. எனவே தனிச் சுற்றுலாவைத் தேர்வோர், பயணிகள் அனைவரும் கப்பலேற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்துக்குத் திரும்பிவிடும்படி திட்டமிட வேண்டும். கப்பலின் கடிகாரமும் கரையிலுள்ள கடிகாரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கிரேக்கத் தீவுகளிலிருந்து வரும் கப்பல்களில் குளிர்காலத்தில் ஒரு மணி நேர வேறுபாடு எளிதில் ஏற்படும் என்பதால், வழிகாட்டியுடன் பேசும்போது எந்தக் கடிகாரப்படி நேரம் குறிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

துருக்கியில் வழிகாட்டித் தொழில் உரிமம் பெற்றோருக்கு மட்டுமே உரியது. உரிமம் உள்ளவர் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார். சுற்றுலா முகவரும் துருக்கிப் பயண முகவர் சங்கத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். முன்பதிவின்போது நுழைவுச் சீட்டு, இடிபாடுகளுக்குள் உள்ள மேட்டு வீடுகளுக்கான தனிச் சீட்டு, மதிய உணவு, வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றுள் எவை தொகைக்குள் அடங்கும் என்பதையும், கப்பல் வானிலை காரணமாகத் துறைமுகத்துக்கு வராமல் போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் பெறுவது நன்று. கம்பளக் கடை, தோல் ஆடைக் கடை போன்றவற்றில் நிறுத்தி, விற்பனையில் தரகு பெறும் வழக்கம் இவ்வட்டாரச் சுற்றுலாவில் பரவலாக உள்ளது. ஒரு கடையில் நுழைந்தால் தேநீரும் விளக்கமுமாக ஒரு மணி நேரம் கழிந்துவிடும் என்பதால், கடை நிறுத்தம் வேண்டாம் என்றால் அதையும் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போர், சில மணி நேரம் கரையிறங்குவதற்கும் விசா தேவையா என்பதைப் பயணச் சீட்டு வாங்கும்போதே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவது அவசியம். சில வேளைகளில் கப்பல் குஷாதசிக்குப் பதிலாக இஸ்மிர் துறைமுகத்தில் அணையும். அங்கிருந்து எபேசுக்கு ஏறத்தாழ 80 கி.மீ. என்பதால், கீழே சொல்லப்படும் திட்டத்தில் ஓரிடத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேல் வாயிலிலிருந்து கீழ் வாயிலுக்கு

இடிபாட்டு நகருக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. மலைச்சரிவில் உள்ள மேல் வாயிலில் இறங்கி, சரிவின் போக்கிலேயே நடந்து கீழ் வாயிலில் வெளியேறுவதே எளிது. வாகனம் அதற்குள் கீழே வந்து நிற்கும் என்பது தனிச் சுற்றுலாவின் பெரிய ஆதாயம். வாயில் திறக்கும் நேரத்திலேயே நுழைந்துவிட்டால், கப்பல் பேருந்துகள் வரிசையாக வந்து சேர்வதற்குள் நகரின் மேற்பகுதியை நெரிசலின்றிப் பார்த்துவிடலாம். நிறுத்தி நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் எதிர்ப்படுவது அரசு அகோரா. அகோரா என்பது கிரேக்க நகரங்களில் மக்கள் கூடும் திறந்தவெளி. எபேசில் அரசியலுக்கு ஒன்றும் வாணிகத்துக்கு ஒன்றுமாக இரண்டு இருந்தன. அரசு அகோராவின் ஓரத்திலுள்ள சிறிய அரைவட்ட அரங்கம் நகர மன்றம் கூடுவதற்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் பயன்பட்டது. ஏறத்தாழ 1,500 பேர் அமரக்கூடியது. அதையடுத்துள்ள பிரிதானெயோன், நகரத்தின் அணையாத் தீயைப் பேணிய பொதுக் கட்டடம். பின்னர் அருங்காட்சியகத்தில் காணப்போகும் ஆர்ட்டெமிஸ் தேவியின் சிலைகள் 1956இல் இங்கேதான் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டன.

ஹெராக்ளிஸ் வாயில் எனப்படும் குறுகிய நுழைவைக் கடந்ததும் கூரேட்டுகள் தெரு தொடங்குகிறது. கூரேட்டுகள் என்போர் ஆர்ட்டெமிஸ் தேவியின் பிறப்பு விழாவை நடத்திய பூசாரிக் குழுவினர். அவர்களின் பெயர்ப்பட்டியல்கள் கல்லில் பொறிக்கப்பட்டு இங்கே கிடைத்தமையால் தெருவுக்கு இப்பெயர் வந்தது. டிராஜன் பேரரசருக்குக் காணிக்கையாக எழுப்பப்பட்ட நீரூற்று மாளிகை, முகப்பு வளைவில் நகரின் நற்பேற்றுத் தெய்வத்தின் தலை செதுக்கப்பட்ட ஹேட்ரியன் கோயில், பளிங்கு இருக்கைகள் வரிசையாக அமைந்த பொதுக் கழிப்பிடம் ஆகியவை இத்தெருவில் உள்ளன. ஹேட்ரியன் கோயிலில் தெரியும் புடைப்புச் சிற்பங்கள் படிகள்; மூலச் சிற்பங்கள் செல்சுக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இத்தெருவிலும் அடுத்து வரும் பளிங்குத் தெருவிலும் சொல்லப்படும் சில கதைகளைச் சற்று விலகி நின்று கேட்பது நல்லது. எண்கோண வடிவக் கல்லறை ஒன்றில் கிடைத்த எலும்புகள் கிளியோபாத்ராவின் தங்கை அர்சினோயியுடையவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அங்கிருந்து வியன்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மண்டையோடு பதின்ம வயதை எட்டிய ஒரு சிறுவனுடையது என்று 2025இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பளிங்குத் தெருவில் பாதமும் பெண்ணின் தலையும் கீறப்பட்ட கல்லைப் பரத்தையர் இல்லத்துக்கான விளம்பரம் என்று சொல்வதற்கும் உறுதியான சான்று இல்லை.

தெருவின் முடிவில் நிற்கும் செல்சஸ் நூலகமே எபேசின் அடையாளமாகிவிட்ட கட்டடம். கி.பி. 92இல் ரோமின் கன்சல் என்னும் உயர் பதவியை வகித்து, பின்னர் ஆசியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த செல்சஸின் நினைவாக, அவர் மகன் அக்விலா 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டத் தொடங்கினார். செல்சஸின் உடல் வைக்கப்பட்ட கல்பேழை நூலகத்துக்கு அடியிலேயே உள்ளது. ஏறத்தாழ 12,000 சுருள்கள் இருந்தன என்று கணிக்கப்படும் இந்நூலகத்தில், ஈரம் ஏறாதிருக்க உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இடைவெளி விடப்பட்டது. முகப்பின் நடுத் தூண்களையும் தூண்தலைகளையும் ஓரங்களில் உள்ளவற்றைவிடப் பெரிதாக அமைத்து, நெருக்கடியான இடத்தில் நின்ற கட்டடத்தை அகன்று தோன்றச் செய்திருப்பது எதிரே நின்று கூர்ந்து பார்த்தால் புலப்படும். நெருப்பாலும் நிலநடுக்கத்தாலும் சிதைந்த முகப்பை ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் கிடைத்த கற்களைக் கொண்டு 1970களில் மீண்டும் நிறுத்தினர். மாடங்களில் உள்ள நான்கு பெண் உருவங்கள் படிகளே, மூலங்கள் வியன்னாவில் உள்ளன.

அங்கிருந்து பளிங்குத் தெரு பேரரங்குக்கு இட்டுச் செல்கிறது. மலைச்சரிவைக் குடைந்து அமைத்த இவ்வரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் அமரலாம். ஆர்ட்டெமிஸ் கோயிலின் வெள்ளிச் சிற்றுருவங்களைச் செய்து விற்ற தெமேத்திரியு என்னும் தட்டார், பவுலின் போதனையால் தம் தொழில் கெடும் என்று கூட்டத்தைத் தூண்டிவிட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரம் கூறும் கலகம் நிகழ்ந்தது இங்கேதான். அரங்கின் மேல்வரிசைகள் வரை ஏறத் திறந்துவிடப்பட்டிருந்தால் ஏறிப் பார்க்கலாம். எதிரே நேராக நீளும் துறைமுகத் தெருவும், அது முடியுமிடத்தில் கடலுக்குப் பதில் சதுப்பும் வயலும் தெரியும்.

மேட்டு வீடுகள்

ஹேட்ரியன் கோயிலுக்கு எதிரேயுள்ள சரிவில், பாதுகாப்புக் கூரையின் கீழ் அகழ்ந்து வைக்கப்பட்டுள்ள மேட்டு வீடுகள், செல்வர் வாழ்ந்த ஏழு குடியிருப்புகளின் தொகுதி. 3ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் புதைந்ததால் சுவரோவியங்களும், சிறுகற்களைப் பதித்து உருவம் அமைக்கும் மொசைக் தரைகளும், நீர்க்குழாய்களும், தரையைச் சூடாக்கும் அமைப்புகளும் இங்கே எஞ்சியுள்ளன. தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதாலும் படிகள் பல ஏற வேண்டும் என்பதாலும் பெரிய குழுக்கள் இதைத் தவிர்த்துவிடுகின்றன. வெளியே கோயிலையும் அரங்கையும் பார்த்தவர்களுக்கு இந்நகர மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும் ஒரே இடம் இதுவே என்பதால், முழங்கால் வலி இல்லாதவர்கள் முக்கால் மணி நேரத்தை இதற்குத் தவறாமல் ஒதுக்க வேண்டும்.

அருங்காட்சியகமும் ஆர்ட்டெமிஸ் கோயிலும்

மதிய உணவுக்குப் பின் செல்சுக்கில் உள்ள எபேசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மார்பிலிருந்து இடைவரை முட்டை வடிவப் புடைப்புகள் தொங்கும் ஆர்ட்டெமிஸ் சிலைகள் இரண்டும் இங்குள்ளன. அப்புடைப்புகளை மார்பகங்கள் என்றும், பலியிட்ட காளைகளின் விதைப்பைகள் என்றும் அறிஞர்கள் பலவாறு விளக்குகின்றனர். உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட ஆர்ட்டெமிஸ் கோயில், கி.மு. 356இல் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக ஹெரோஸ்ட்ரேட்டஸ் வைத்த தீயில் எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டு, பிற்காலத்தில் கற்களெல்லாம் பிற கட்டடங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டு மறைந்தது. ஜான் டர்டில் வுட் 1869இல் கண்டுபிடித்த அவ்விடத்தில் இப்போது ஒட்டி நிறுத்திய ஒரு தூணும் சில அடித்தளக் கற்களுமே உள்ளன. கால்மணி நேரத்துக்கு மேல் அங்கே தேவைப்படாது.

மூன்றாவதாக ஓரிடம்

நேரம் மிஞ்சினால் ஓரிடத்தை மட்டும் சேர்க்கலாம். புல்புல் மலைமேல் உள்ள மரியன்னை இல்லம், இயேசுவின் தாய் தம் இறுதி நாட்களைக் கழித்ததாகக் கத்தோலிக்கர் பலர் நம்பும் சிறு கல்வீடு. ஆன் கேத்தரின் எம்மரிக் என்னும் செருமானியத் துறவியின் காட்சிகளைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டில் அடையாளம் காணப்பட்ட இவ்விடத்துக்கு ஆறாம் பவுல், இரண்டாம் ஜான் பால், பதினாறாம் பெனடிக்ட் ஆகிய போப்புகள் வந்துள்ளனர். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கட்டடக் கலையில் ஈடுபாடு உள்ளவர்கள், அயாசுலுக் குன்றின்மேல் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய புனித யோவான் பேராலயத்தையும் அதன் அடியில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த ஈசா பே பள்ளிவாசலையும் சேர்த்துப் பார்க்கலாம். குகைத் தோழர்களின் வரலாற்றைக் குர்ஆன் வழி அறிந்தவர்கள், அக்குகை என்று சுட்டப்படும் இடங்களுள் ஒன்றைப் பனாயிர் மலையடிவாரத்தில் காணலாம்.

வெயிலும் நடையும்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது இயல்பு. இடிபாடுகளுக்குள் நிழல் அரிது, பளிங்குத் தரை ஒளியைத் திருப்பியடிக்கும். தொப்பி, குடிநீர், வழுக்காத அடியுள்ள காலணி ஆகிய மூன்றும் கட்டாயம். கழிப்பறைகள் வாயில்களின் அருகே உள்ளதால் நுழையும் முன்பே சென்றுவருவது நல்லது. சக்கர நாற்காலியில் வருவோர் கீழ் வாயில் வழியாக நுழைந்து அரங்கின் முன்பகுதி வரையாவது பார்த்துத் திரும்பலாம். கூரேட்டுகள் தெருவின் சரிவு துணையாளருக்கே கடினமானது. வாயில்களில் பழங்காசு என்று விற்கப்படுபவை போலியானவையாகவே இருக்கும். உண்மையானவையாக இருந்தாலோ, அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது துருக்கிச் சட்டப்படி கடுங்குற்றம்.

காலை 7 மணிக்கு அணைந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலில் வருவோருக்கு இடிபாட்டு நகரம், மேட்டு வீடுகள், அருங்காட்சியகம், ஆர்ட்டெமிஸ் கோயில், மூன்றாவதாக ஓரிடம் என்னும் திட்டம் பதற்றமின்றி அமையும். நேரம் குறைந்தால் முதலில் விட வேண்டியது அந்த மூன்றாவது இடத்தை, அடுத்து ஆர்ட்டெமிஸ் கோயிலை. மேட்டு வீடுகளையும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டாம்.